பாடகருக்கு எதற்கு சினிமா போஸ்டர்?

சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டமைத்து, தாங்களே வெளியிடும் பிள்ளைகள் இப்போது தமிழில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அவர்கள் போடும் போஸ்டர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. எல்லாமே சினிமா ஃபர்ஸ்ட் லுக். இருட்டுப் பின்னணி, பாதி முகத்தில் சிவப்பு வெளிச்சம், பின்னால் புகை, கீழே பொடி எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். பாட்டு தாலாட்டாகவே இருந்தாலும் போஸ்டரில் ஆள் யாரையோ வெட்டப் போகிறவர் போல முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

போஸ்டர் டிசைன்தான் எனக்குச் சோறு போடுகிறது. அதில் இசைக்காரர்களுக்குச் செய்யும் வேலையில் காசு கம்மி, பிரியம் ஜாஸ்தி. அந்த உரிமையில் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

சினிமா போஸ்டர் எடுபடுவதற்குக் காரணம் அந்த முகம் ஊருக்கே ஏற்கெனவே தெரியும் என்பதுதான். ஆறு ஷீட் ஒட்டி ஹீரோ முகத்தைப் போட்டுவிட்டால் படத்தின் பெயரைக்கூட யாரும் தேடுவதில்லை. புதிதாகப் பாட வருகிறவரின் முகம் யாருக்குத் தெரியும்? தெரியாத முகத்தைப் பெரிதாகப் போட்டால், பைக்கில் போகிறவருக்கு அது பிறந்தநாள் வாழ்த்தா, கண்ணீர் அஞ்சலியா என்றே விளங்காது. (என்னைக் கேட்டால் நம் ஊரின் மிகத் தெளிவான டிசைன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். யார், என்றைக்கு, எந்தத் தெரு, எல்லாம் ஒரே பார்வையில் புரியும்.)

முகம் தெரியாதவருக்கு உருவம் வேண்டும். 1892இல் பாரிஸில் அரிஸ்டிட் ப்ருவான் என்ற பாடகருக்கு ஓவியர் துலூஸ் லோத்ரெக் ஒரு போஸ்டர் வரைந்தார். அகலமான கறுப்புத் தொப்பி, கறுப்பு மேலங்கி, கழுத்தில் சிவப்புத் துணி. அவ்வளவுதான். மூக்கும் கண்ணும் நாலு கோடுகளில் முடிந்துவிட்டன. பிற்பாடு அதே பாடகருக்கு வரைந்த இன்னொரு போஸ்டரில் ஆள் முதுகைக் காட்டி நிற்கிறார், அப்போதும் அது ப்ருவான்தான் என்று தெரிகிறது. ஒரு தொப்பியும் ஒரு சிவப்புத் துணியும் செய்த வேலை அது. 1967இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இசைத்தட்டுக்குள் மடித்து வைக்க டிசைனர் மில்டன் கிளேசர் செய்த போஸ்டரும் இதே வழிதான்: பக்கவாட்டில் வெறும் கறுப்பு நிழல், தலைமுடி மட்டும் பல நிறங்களில் சுருண்டு ஓடும். டிலன் அதற்குள் பெரிய ஆள், முகத்தையே போட்டிருக்கலாம். போடவில்லை.

வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில், கானாவும் ராப்பும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடும் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதன்முதலாக மேடை ஏறியபோது எல்லோரும் ஒரே மாதிரி சூட் போட்டிருந்தார்கள். கானா பாடுகிறவர் லுங்கி கட்டிக்கொண்டுதான் நிற்பார் என்று சினிமா பழக்கிவைத்திருந்த கண்ணுக்கு அது ஓர் அடி. அந்த உடுப்பு அம்பேத்கரை நினைவுபடுத்துகிறது என்று விளக்கவும் தேவையில்லை. அந்த வரிசையை அப்படியே படமெடுத்தால் போதும், போஸ்டர் தயார். டிசைனருக்குப் பாதி வேலை மிச்சம்.

அதனால் யாராவது போஸ்டர் கேட்டு வந்தால் நான் முதலில் போட்டோ கேட்பதில்லை. பாட்டை அனுப்பச் சொல்வேன். அப்புறம், இது எங்கே போகப்போகிறது என்று கேட்பேன். சுவருக்கா, போனுக்கா? பெரும்பாலும் "எல்லாத்துக்கும்தான் அண்ணா" என்று பதில் வரும். அங்கேதான் வம்பு ஆரம்பிக்கிறது.

இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080க்கு 1350 பிக்சல், ஸ்டோரிக்கு 1080க்கு 1920. ஸ்டோரியின் மேலும் கீழும் கொஞ்சத்தை ஆப்பே மறைத்துவிடும், அங்கே தேதியை வைத்தால் போச்சு. பாட்டு கேட்கும் ஆப்களுக்குச் சதுரம் வேண்டும், 3000க்கு 3000 கொடுப்பது வழக்கம். ஆனால் அந்த 3000 பிக்சல் கடைசியில் பட்டியலில் நகத்தளவில்தான் தெரியும். சுவரில் ஒட்டும் தாளுக்குக் கணக்கே வேறு. ஒரே டிசைனை இழுத்தும் நசுக்கியும் இத்தனைக்கும் பொருத்த முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிறம், ஒரு எழுத்து, ஒரு உருவம் என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடுக்க வேண்டும். பெயரை ஓரத்தில் ஒட்டி வைக்கவே கூடாது. 2025 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் புரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நீள்கட்டமாக மாற்றியதும், சதுரத்தை நம்பி ஓரம்வரை எழுதிவைத்திருந்த பலருக்குப் பெயர் வெட்டுப்பட்டது.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. போன் திரையில் பளீரென்று எரியும் அந்தப் பச்சையும் நீலமும் நாலு கலர் ஆஃப்செட் அச்சில் வராது. மங்கிப்போய், மழையில் நனைந்த மாதிரி வரும். அச்சுக்குப் போவதானால் முதலிலிருந்தே சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சு மையின் அந்த நாலு நிறக் கணக்கில், வேலை செய்யுங்கள், சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விடுங்கள். பிறகு அச்சகத்துக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

இனி எழுத்துக்கு வருகிறேன். என் பெரிய ஆத்திரமே இதில்தான். தமிழில் பாடுகிறார்கள், போஸ்டரில் பெயரை இங்கிலீஷில் போடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் "தமிழ் ஃபான்ட் நல்லா இல்ல அண்ணா" என்பார்கள். அது பழைய காலம். காட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, அனெக் தமிழ் என்று கூகுளில் இலவசமாகவே வரிசையாகக் கிடைக்கின்றன. கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் இருக்கிறது. அதில் உள்ள சாய்வும் துள்ளலும் எந்த இங்கிலீஷ் எழுத்திலும் வராது. இவற்றில் ஒன்றை எடுத்து அப்படியே தட்டிவிடாமல், பாடகரின் பெயரில் ஓர் எழுத்தின் வாலை நீட்டி, ஒரு சுழியைப் பெரிதாக்கி, அவருக்கென்றே ஒரு வடிவம் செய்து கொடுத்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு அதுதான் அவர் முகம். ழகரத்தையும் ஞகரத்தையும் வைத்துக்கொண்டு விளையாட இடமா இல்லை?

இன்னொரு கொடுமை, உடைந்த எழுத்து. போட்டோஷாப்பில் தமிழை ஒட்டியதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது என்று விட்டுவிட வேண்டாம். பழைய போட்டோஷாப்பில் டைப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். இது தெரியாமல் உடைந்த கொகரத்தோடு அச்சாகி ஊரெல்லாம் ஒட்டப்பட்ட போஸ்டர்கள் உண்டு. ஒட்டினவருக்கே கூசவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். 1960களின் சான்பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் என்ற இசை அரங்குக்கு டிசைனர் வெஸ் வில்சன் செய்த போஸ்டர்களில் எழுத்துகள் உருகி வழியும், நின்று உற்றுப் பார்த்தால்தான் படிக்க வரும். அது அழகு, மறுக்கவில்லை. ஆனால் அந்த அரங்கு எங்கே இருக்கிறது, அங்கே என்ன நடக்கும் என்பது அந்தக் கூட்டத்துக்கு முன்பே தெரியும். நாளைக்கு யாரும் கேட்டிராத ஒரு கஃபேயின் மாடியில் நீங்கள் பாடப்போகிறீர்கள் என்றால் மாடிக்கு வழி தெரிய வேண்டும். பெயரை எப்படி வேண்டுமானாலும் உருக்குங்கள், இடத்தையும் நேரத்தையும் உருக்காதீர்கள்.

கூட வாசிக்கிறவர்களின் பெயர்களும் இங்கே வந்தாக வேண்டும். மார்கழி சபா விளம்பரங்களில் பாடகர் பெயர் ஒரு சாண், வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் எறும்பு எழுத்தில். பக்கவாத்தியம் இல்லாமல் கச்சேரி ஏது? கச்சேரிக்கு வருகிறவர்களில் மிருதங்கத்துக்காகவே வருகிறவர்கள் எத்தனை பேர்! பாடகர் பெயர் பெரிதாக இருக்கட்டும், தப்பில்லை. மற்றவர்கள் பெயர் குறைந்தபட்சம் அதில் பாதி அளவாவது இருக்க வேண்டும் என்று நான் கறாராகச் சொல்வேன். இளைய பாடகர்கள் இதற்கு உடனே ஒத்துக்கொள்கிறார்கள். மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் ஏற்பாட்டாளர்கள்தான், ஏனென்றால் அந்த இடத்தில் ஸ்பான்சர் லோகோ வைக்க வேண்டுமாம்.

கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி போஸ்டர் இதற்கும் ஒரு படி மேல். அதில் பாடகி எங்கே இருக்கிறார் என்று தேடத்தான் வேண்டும். தர்மகர்த்தா, உபயதாரர்கள், இளைஞர் அணி எல்லாம் வட்ட வட்டமாக வெள்ளைச் சட்டையில் நின்று முடித்த பிறகு மிஞ்சிய மூலையில் மைக்கோடு ஒருவர் தெரிவார். அங்கே டிசைனர் செய்ய முடிந்தது ஒன்றுதான், காசு கொடுத்தவர்களைக் கீழே ஒரு பட்டையில் அடக்குவது. அதற்கே பெரிய பஞ்சாயத்து நடக்கும்.

எங்கே ஒட்டுவது என்பதையும் யோசிக்காமல் அச்சடிக்காதீர்கள். பொது இடங்களைப் போஸ்டரால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959இலிருந்தே சட்டம் இருக்கிறது. பேனர் விழுந்து 2019இல் பள்ளிக்கரணையில் ஒரு இளம்பெண் உயிர் போனதை நாம் மறக்கவும் கூடாது. டீக்கடை, புத்தகக்கடை, கல்லூரி அறிவிப்புப் பலகை, இசைக்கருவி விற்கும் கடை என்று கேட்டு ஒட்டும் இடங்களே ஒரு சின்னக் கச்சேரிக்குப் போதும். அங்கே ஏ3 அளவுத் தாள் தாராளம். குறைந்த பிரதிக்கு ஆஃப்செட் கட்டுப்படியாகாது, டிஜிட்டல் பிரின்ட் எடுங்கள்.

கடைசியாக, தேதி மாறும். வெட்டவெளிக் கச்சேரி என்றால் கட்டாயம் மாறும். 2023இல் ஏ.ஆர். ரஹ்மானின் சென்னைக் கச்சேரியே மழையால் ஆகஸ்ட் 12இலிருந்து செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனது, நாமெல்லாம் எம்மாத்திரம். பழைய போஸ்டர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், யாராலும் திரும்பப் பெற முடியாது. அதே டிசைனில் தேதியை மட்டும் திருத்தி அனுப்பினால் "இதை ஏற்கெனவே பார்த்துட்டோமே" என்று தள்ளிவிட்டுப் போவார்கள். பின்னணி நிறத்தையே மாற்றுங்கள், மஞ்சள் இருந்தால் நீலமாக்குங்கள், புதுத் தேதியை பெயருக்குச் சமமாகப் பெரிதாக்குங்கள். இந்தத் திருத்தத்துக்கும் சேர்த்து டிசைனரிடம் முதலிலேயே காசு பேசிவிடுங்கள். "தேதி மட்டும்தானே அண்ணா" என்று ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போனை நான் இப்போதெல்லாம் எடுப்பதில்லை.