அந்த மஞ்சள் கம்பம் வின்ச் கட்டுவதற்கு நட்டதல்ல

ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். ஆற்று மணலில் வண்டி புதைகிறது, பக்கத்தில் நிற்கும் மஞ்சள் கம்பத்தில் வின்ச் (வண்டியை இழுத்தெடுக்கும் சுருள் இயந்திரம்) கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள், கம்பம் சாய்கிறது, விசில் பறக்கிறது. கம்பத்தில் எரிவாயுக் குழாய், தோண்டாதீர் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. நான் போட்ட கமெண்ட் ஒரே வரி: "தம்பி, அது கேஸ் லைன் கம்பம், அதில் கட்டக் கூடாது." வந்த பதில்: "அங்கிள், நீங்க மெரினாவுல வாக்கிங் போங்க." அதற்கு இருநூறு லைக்.

வாக்கிங்கும் போகிறேன். 2012 மாடல் மஹிந்திரா தார் ஜீப் ஒன்றை இன்னும் காட்டிலும் மேட்டிலும் ஓட்டிக்கொண்டும் இருக்கிறேன். ரோடில்லாத இடத்தில் வண்டி ஓட்டும் ஆஃப்ரோடே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. அந்தக் கம்பத்தில் கட்டாதீர்கள், அதன் பக்கத்தில் தோண்டாதீர்கள். கேட்பது அவ்வளவுதான்.

எண்ணூரில் எல்என்ஜி, அதாவது திரவமாக்கிய இயற்கை எரிவாயு, முனையம் 2019இல் வந்தது. அங்கிருந்து திருவள்ளூர் வழியாக ஒரு பக்கம் பெங்களூருக்கும் இன்னொரு பக்கம் தூத்துக்குடிக்கும் என 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய்த் திட்டம் அது. நாம் ஞாயிற்றுக்கிழமை "ஆளில்லாத இடம்" என்று தேடிப் போகும் வயல் ஓரமும் ஆற்றுப் படுகையும்தான் இந்த மாதிரிக் குழாய்களுக்கும் வழி.

"ரெண்டு டன் ஜீப் ஏறினால் இரும்புக் குழாய் உடைஞ்சிடுமா? மேலே டிராக்டரே ஓடுது" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. உடையாது. பதிக்கும்போது குழாய்க்கு மேல் ஒரு மீட்டர் அளவுக்காவது மண் இருக்கும். ஆனால் அது பதித்த அன்றைய கணக்கு. ரெண்டு ஐப்பசி மழை வெள்ளம் போன ஆற்றுப் படுகையில் எவ்வளவு மிச்சம் என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவில் குழாய் நேர்கோட்டில்தான் போகும் என்றும் கிடையாது. அதன் மேல் சக்கரம் சுற்றிக் குழி பறிக்கிறது, மண்வெட்டியால் நாம் இன்னும் பறிக்கிறோம், வின்ச் கட்ட ஆளுயரக் கடப்பாரையை அடிக்கிறோம். டிராக்டர் இதையெல்லாம் செய்வதில்லை.

சில கம்பங்கள் வெறும் அடையாளக் கம்பங்கள்கூட அல்ல. குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அதில் சின்னதாக மின்சாரம் கொடுத்து வைப்பார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் கம்பத்திலிருந்து ஒரு கம்பி நேராகக் கீழே குழாய்க்கே போகிறது. அதில் வின்ச் கட்டுவது கிட்டத்தட்ட குழாயிலேயே கட்டுவது மாதிரி.

"ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்தது. இதுதான் எனக்கு எரிகிறது. பெல்ஜியத்தில் கிஸ்லெங்கியன் என்ற ஊரில் கட்டட வேலைக்கு வந்த இயந்திரம் ஒன்று குழாயைக் கீறி வைத்தது. அன்று ஒன்றும் ஆகவில்லை. சில வாரம் கழித்து, 2004 ஜூலை 30 அன்று வெடித்ததில் 24 பேர் போனார்கள். ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலை நடந்த எரிவாயுக் குழாய் வெடிப்பும் நினைவிருக்கும். சரி, அது துருப்பிடித்த குழாய், ஜீப்புக்குச் சம்பந்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கசிந்த வாயு ஊருக்குள் பரவி நிற்க, ஒரு டீக்கடை அடுப்புதான் பற்ற வைத்தது என்று செய்திகள் வந்தன. உங்கள் வண்டி ஸ்டார்ட்டர் அந்த அடுப்புக்குக் குறைந்ததா? இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் வாசனை கிடையாது. வீட்டுக்கு வருவதில்தான் நாற்ற மருந்து கலந்திருக்கும், பெரிய லைனில் அதை நம்ப முடியாது. உஸ்ஸென்று சத்தம், தண்ணீரில் குமிழி, காரணமில்லாமல் பறக்கும் புழுதி, இவற்றைப் பார்த்தால் வண்டியைத் தொடாமல் காற்றுக்கு எதிராக நடந்து போய்விட வேண்டும். வண்டி போனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்லவில்லை. கொரோனா ஓய்ந்த வருஷம் நானும் ஒரு ஓடையில் மாட்டி, அரை மணி நேரம் தோண்டியிருக்கிறேன். கையில் ஒரு குச்சியோடு ஒருவர் ஓடி வந்தார். லைன் வாக்கர். தினமும் குழாய் போகும் வழியை நடந்தே பார்க்கிறவர். "சார், மண்வெட்டியைக் கீழே போடுங்க" என்றார். திட்டவில்லை. தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார், டிராக்டர் வரவழைத்துத் தள்ளி நின்று இழுக்க வைத்தார். அந்த வீடியோவில் ஒருவரைப் பார்த்து "வாட்ச்மேன் வந்துட்டான்டா" என்று சிரிக்கிறார்கள் பாருங்கள், அப்படி ஒருவர்தான் அவரும்.

"கம்பெனிக்கு ஜால்ரா" என்றும் சொல்லியாயிற்று. மேற்கு மாவட்ட விவசாயிகள் குழாய்க்கு எதிராக நின்றபோது அவர்கள் பக்கம் எழுதியவன் நான், பழைய பதிவுகளைத் தேடிக்கொள்ளுங்கள். திருவள்ளூர் பக்கம் என் மாமனாருக்கு இருப்பதே ஒன்றரை ஏக்கர். அதன் குறுக்கே லைன் போகிறது. இந்தக் குழாய்களுக்கான 1962ஆம் வருஷச் சட்டம்: நிலம் அவருடையது, நெல் போடலாம், ஆனால் குழாய் போகும் அந்தப் பட்டையில் மரம் நடக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது. வரிசையாக நின்ற ஏழு தென்னை போயிற்று. மறுபடி ஒன்று நட அவருக்கு அனுமதியில்லை. நீங்கள் வீக்எண்டில் வந்து குழி தோண்டிவிட்டுப் போவீர்கள், அது அட்வென்ச்சர்.

வீடியோவை அவருக்குக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "கம்பத்தைத் திரும்ப நட்டாங்களா மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

நடவில்லை. ஆனால் கம்பத்தில் இருந்த அவசர எண், விசிலுக்கு நடுவே, வீடியோவில் தெளிவாகவே தெரிந்தது. நேற்றுக் காலை நானே கூப்பிட்டு இடத்தைச் சொல்லிவிட்டேன். ஆஃப்ரோடு குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், போட்டுக்கொடுத்தவன் என்று அங்கே பேச்சாம். போட்டுத்தான் கொடுத்தேன்.