500 மில்லி என்றால் எவ்வளவு?

சுகப்பிரசவத்தில் எவ்வளவு ரத்தம் போனால் அபாயம் என்று எம்பிபிஎஸ் வகுப்பில் கேட்டேன். கடைசி பெஞ்சு வரை ஒரே குரல்: "500 மில்லி, சார்!"

சரியான பதில். மறு வாரம் அதே பிள்ளைகளில் பத்துப் பேரை ஸ்கில்ஸ் லேபுக்கு, அதாவது பொம்மைகளை வைத்துச் சிகிச்சை பழகும் அறைக்கு, கூட்டிப்போனேன். பீட்ரூட் சாறு கலந்த தண்ணீரை 800 மில்லி அளந்து, ஒரு பழைய காட்டன் புடவையிலும் நாலு பேடிலும் ஊற்றி, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் கொட்டி வைத்திருந்தேன். எவ்வளவு இருக்கும், சீட்டில் எழுதுங்கள் என்றேன். 300, 350, 250 என்றே வந்தது. ஒரு பெண் மட்டும் 700 என்று எழுதியிருந்தாள். அவள் வீட்டில் சாயப்பட்டறை வைத்திருக்கிறார்களாம். துணி எவ்வளவு குடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன!

அளந்த கணக்கைச் சொன்னதும் எல்லார் முகமும் மாறிவிட்டது. அங்கேயே நின்றபடி பதினைந்து நிமிடம் பாடம் நடத்தினேன். கர்ப்பிணியின் உடம்பில் ரத்தத்தின் அளவே கூடியிருக்கும். அதனால் நிறைய ரத்தம் போன பிறகும் பிரஷர் சரியாக இருப்பதுபோலவே காட்டும், நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். மாதம் நிறைந்த கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது; பிரசவத்துக்குப் பிறகு அது சுருங்காவிட்டால் யோசிக்கக்கூட நேரமில்லை. இதையெல்லாம் போன வாரம் லெக்சரிலும் சொன்னேன். அன்று ஒரு கேள்வி வரவில்லை. இன்று மணியடித்த பிறகும் விடவில்லை.

முதலில் கை தடுமாற வேண்டும், உடனே பாடம், அப்புறம் மறுபடியும் கை. மூன்றும் ஒரே அரைநாளில் நடக்க வேண்டும் என்பது என் கருத்து. நம் டைம்டேபிளில் லெக்சர் ஜூலையில் வரும், ஸ்கில்ஸ் லேப் டிசம்பரில் வரும். நடுவில் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்திருப்பார்கள்.

2019-இல் வந்த புதிய பாடத்திட்டம், லெக்சர் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றது. ஸ்கில்ஸ் லேபும் கட்டாயம். நான் பார்த்த சில இடங்களில் அந்த அறைக்குப் பூட்டுதான். பொம்மைகள் பாலித்தீன் கவரைக்கூடக் கழற்றாமல் படுத்திருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் எழுந்து உட்காரும்.

இதைச் சொன்னால், லெக்சரே வேண்டாம் என்கிற கட்சியில் என்னைச் சேர்த்துவிடுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை 5 செ.மீ. அமுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்று பொம்மையில் பழக்கிவிடலாம். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழ ஏன் விட வேண்டும்? அந்த நொடியில்தான் இதயம் நிரம்புகிறது, இதயத் தசைக்கும் ரத்தம் போகிறது. அதை ஒருவர் உட்காரவைத்துச் சொல்லாவிட்டால், பொம்மைப் பயிற்சி வெறும் தண்டால்தான்.

நான் படித்தபோது நிலைமை தலைகீழ். நார்வேக்காரர் லேர்டால், பொம்மை செய்து விற்றவர், 1960-லேயே சிபிஆர் (இப்படி நெஞ்சை அமுக்கி உயிரை மீட்கும் முதலுதவி) பழகுவதற்கென்று ஒரு பொம்மையைக் கொண்டுவந்துவிட்டார். நான் அதைத் தொடாமலே ஹவுஸ் சர்ஜன் ஆனேன். இதயம் நின்றுபோன முதல் கேஸ் (கார்டியாக் அரெஸ்ட்), நைட் டியூட்டி. வாய் சரியாக எண்ணியது, கை தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது. "தள்ளுங்க டாக்டர்" என்று ஒரு சீனியர் சிஸ்டர் என்னை நகர்த்திவிட்டு அமுக்க ஆரம்பித்தார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பணம் இல்லை என்பது எனக்குப் பெரிய காரணமாகத் தெரியவில்லை. பீட்ரூட் என்ன விலை? ஆள்தான் இல்லை. 150 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்தால், ஒரே வகுப்பைப் பதினைந்து தடவை எடுக்க வேண்டும். ஓபியையும் வார்டையும் பார்த்துவிட்டு அதை யார் எடுப்பது? பொம்மை வாங்க டெண்டர் விடுகிறவர்கள், ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அடுத்த பத்துப் பேருக்கு வியாழக்கிழமை. இன்னொரு பழைய புடவை வேண்டும். வீட்டில் கேட்டேன், முறைக்கிறார்கள்.