ஆறாம் வகுப்பில் நின்றுபோகும் காலை உணவு

எங்கள் பேரூராட்சியில் இருப்பது ஒரே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. சுற்றுக் கிராமங்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பை முடித்து, மாற்றுச் சான்றிதழோடு ஜூன் மாதம் வந்து சேரும் பிள்ளைகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஏழு ஆண்டுகளுக்கு அதுதான் பள்ளி. என் மூத்த மகன் அங்கே ஆறாம் வகுப்பில் படிக்கிறான்; இளையவள் இன்னும் தொடக்கப் பள்ளியில் இருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் நான் ஓர் உறுப்பினர் என்பதால், நெடுநாளாக மனத்தை அறுத்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

இளையவளின் பள்ளியில் காலை எட்டரை மணிக்கு, மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைத்த உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு தட்டில் விழுந்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், 1,545 பள்ளிகளுக்கென முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அது திருக்குவளையிலிருந்து ஏறத்தாழ 31,000 அரசுப் பள்ளிகளுக்கு விரிந்தபோது, நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் விடிந்தும் விடியாமலும் கிளம்பும் எங்கள் பகுதித் தாய்மார்களின் மனத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்டது. ஏப்ரலில் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை ஜூனில் வெறும் வயிற்றோடு டவுன் பஸ் ஏறுகிறது. வீட்டு நிலைமையோ தாயின் வேலை நேரமோ அந்த இரண்டு மாதத்தில் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றுதான்: பள்ளி தூரமாகிவிட்டது, பிள்ளை முன்னைவிடச் சீக்கிரம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, குழுக் கூட்டத்துக்காகக் காலையிலேயே பள்ளிக்குச் சென்றிருந்தேன். இறைவணக்கக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியை அவளைத் தாங்கிப் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி, ‘சாப்பிட்டியாம்மா?’ என்பதுதான். அவர் பதறவில்லை என்பது என்னை அதிகம் பாதித்தது. அடிக்கடி கேட்டுப் பழகிய கேள்வியாக அது இருந்தது. பெண் பிள்ளைகள் பூப்பெய்துவதும், பையன்கள் திடீரென்று வளர்வதும் இந்த வயதில்தான். இரத்தசோகையைத் தடுக்க வாரம் ஒருமுறை அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக்கூடச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் விழுங்க வேண்டும். மாத்திரை கொடுக்கும் அக்கறை சரியானது. அந்த அக்கறை காலை நேரத்துச் சோற்றுக்கும் நீள வேண்டும் என்றே கேட்கிறேன்.

மேல் வகுப்பிலும் இதே நிலைதான். மதியச் சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி கொடுக்கிறோம். அதை மிதித்து வரும் பிள்ளைக்கு அதே வளாகத்தில், அதே சத்துணவுக் கூடத்தில், ஒரு வேளைச் சோறு இல்லை.

மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே ஏழு ஆண்டுகளையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆக, இந்த ஏழு ஆண்டுகளும் பிரிக்க முடியாத ஒரே காலம் என்று அரசே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் முடிவில் பரிசாக வருவது, அதைக் கடக்கும் பிள்ளையின் தட்டிலும் வர வேண்டாமா?

செலவு அதிகமாகும் என்பார்கள்; ஆகும்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே குரல் எழுந்தது. ஆயினும் 1984இல் அது 15 வயது வரையுள்ள மாணவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. சிறு பிள்ளைகளிடம் தொடங்கிப் பெரிய பிள்ளைகளுக்கு விரிவதுதான் தமிழ்நாட்டில் உணவுத் திட்டம் ஒன்று வளர்ந்த வழி.

என்னை உண்மையில் யோசிக்க வைப்பது செலவன்று, பிள்ளைகளின் கூச்சம். பள்ளியில் சாப்பிடுவது இல்லாத வீட்டுப் பிள்ளைக்கானது என்ற எண்ணம் பதின்ம வயதில் ஆழமாக வேரூன்றிவிடுகிறது. மதியத்திலேயே பசியை மறைத்துக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போய்விடும் பையன்களை நான் அறிவேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிதாகக் காலை உணவைக் கொண்டுபோய் நீட்டினால் பலர் மறுக்கக்கூடும். ஆனால் ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அந்தக் கூச்சம் இன்னும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்புவரை எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை அது. ஆசிரியர்களில் ஒருவரிருவர் கூடவே அமர்ந்து சாப்பிட்டால் அந்தப் பழக்கம் அப்படியே மேல் வகுப்புகளுக்கும் ஏறிவிடும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைக்கப் போகிறேன். மற்ற ஊர்களின் மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோரும் தத்தம் கூட்டங்களில் இதை எழுப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஏழு வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் தர இயலாதென்றால், வரும் ஜூனில் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளிடமிருந்து தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக அவர்களோடு சேர்ந்தே மேலே கொண்டுசெல்லலாம்.