தடையும் உண்டு, விருதும் உண்டு
சீனாவில் மாவோ 1966இல் தொடங்கி, பத்தாண்டுகள் நீடித்த அரசியல் வேட்டைதான் கலாச்சாரப் புரட்சி. ஒருவர், "கலாச்சாரப் புரட்சியைப் பற்றிச் சீனாவில் யாரும் விமர்சனமாகப் படம் எடுத்ததே இல்லை, எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தவை" என்று எழுதியிருக்கிறார். இது தவறு.

ஷியே ஜின் இயக்கிய 'ஹைபிஸ்கஸ் டவுன்' ஷாங்காய் அரசு ஸ்டுடியோவின் தயாரிப்பு. 1987இல் சீனாவின் முக்கியத் திரைப்பட விருதான கோல்டன் ரூஸ்டரில் சிறந்த பட விருதே அதற்குக் கிடைத்தது. அரிசி டோஃபு விற்றுக் கொஞ்சம் காசு சேர்த்த பெண்ணைப் பணக்கார வர்க்கம் என்று முத்திரை குத்துகிறார்கள். வீடு போகிறது, கணவனும் இறக்கிறான். தண்டனையாகத் தினமும் தெருக் கூட்டுகிறாள். கட்சிக்கு எதிரானவன், 'வலதுசாரி' என்று முத்திரை குத்தப்பட்டு, கூடவே தெருக் கூட்டும் ஒருவனோடு காதல் வருகிறது. துடைப்பத்தோடு அவன் நடனமாடும் இடத்தை ஒருமுறை பாருங்கள். அந்தக் காலத்தின் கொடுமையையும் மனிதர்களின் பிடிவாதத்தையும் இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன படங்கள் குறைவு.

சரி, தணிக்கையே இல்லையா? இருந்தது, கடுமையாகவே. தியான் ஜுவாங்ஜுவாங்கின் 'த ப்ளூ கைட்' (1993), ஜாங் யீமோவின் 'டு லிவ்' (1994) இரண்டும் சீனாவில் தடை செய்யப்பட்டன. ஆனால் அவற்றை எடுத்தவர்களும் சீனர்கள்தானே! தியான் பல ஆண்டுகள் படமே எடுக்க முடியாமல் போனார். அப்புறம் 2014இல் ஜாங் யீமோவின் 'கமிங் ஹோம்' அங்கேயே திரையரங்குகளில் ஓடியது.

தங்கள் தொழிலையே பணயம் வைத்த கலைஞர்களை "யாரும் எடுக்கவில்லை" என்று ஒரே வரியில் அழித்துவிடாதீர்கள்.