நிறுவனம் எனக்கு மதிப்பெண் அட்டையாக இருந்த காலம்

சொந்தத் தொழில் பற்றிய உரை எதைக் கேட்டாலும் திரையில் ஒரு முக்கோணம் வந்துவிடும். அடியில் பசியும் தூக்கமும், நடுவில் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன் முழுத்திறனும் மலர்ந்த மனிதன். தொழில் தொடங்குபவர் அந்த உச்சியில் நிற்கிறாராம்! மனிதத் தேவைகளை இப்படிப் படிப்படியாக அடுக்கிச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய மூலக் கட்டுரையில் அந்த முக்கோணமே கிடையாது. பின்னால் வந்த மேலாண்மைக்காரர்கள் வரைந்து கொடுத்தது அது.

1962 கோடையில் மாஸ்லோ கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ கே நடத்திய மின்னளவுக் கருவித் தொழிற்சாலையில் தங்கி, பார்த்ததையும் நினைத்ததையும் ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைத்தார். ஆளுக்கொரு திருகு முடுக்கும் வரிசையைக் கே எடுத்துவிட்டு, சிறு குழுக்களிடம் முழுக் கருவியையும் செய்யக் கொடுத்திருந்தார். மாஸ்லோவுக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் தன் கோட்பாடு மனநல சிகிச்சை அனுபவத்திலிருந்து வந்தது, தொழிற்சாலைக்கு அது பொருந்தும் என்று தானே முழுதாக நம்புவதற்கு இன்னும் நிறைய ஆய்வு வேண்டும் என்றுதான் சொன்னார். மேடையில் பேசுகிறவர்களுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். விற்பனை ஏறிய மாதம் நான் தங்கமான மனிதன். இறங்கிய மாதம் பக்கத்தில் யாரும் வர முடியாது. அப்படி ஒரு மாதத்தில், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகாத ஒரு பெண் வந்து, குறிப்பிட்ட வகைத் தள்ளுபடி போட்டால் கூட்டுத்தொகை தப்பாக வருகிறது என்றாள். எல்லோர் முன்னாலும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் என்னிடம் ஒரு தவறும் வரவில்லை. வேலை சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளரே கண்டுபிடித்துக் கூப்பிட்டார். ‘ஏன் யாரும் சொல்லவில்லை?’ என்று அறையில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இதை எனக்கு விளக்கியவர் மாஸ்லோ அல்ல, கார்ல் ரோஜர்ஸ் என்ற இன்னொரு உளவியலாளர். நிபந்தனை போட்டுக் கிடைக்கும் அன்பைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ‘இப்படி இருந்தால்தான் நீ நல்ல பிள்ளை’ என்று கேட்டு வளரும் குழந்தை, நாளடைவில் அந்த நிபந்தனையைத் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறது. அதற்கு ஒத்துவராத அனுபவத்தை மறுக்கிறது, இல்லையென்றால் திரித்துப் புரிந்துகொள்கிறது. நான் அப்படி வளர்ந்தவன். பள்ளி முடிந்ததும் மதிப்பெண் அட்டையின் இடத்துக்கு மாத வரவு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெண் சொன்னது கூட்டுத்தொகையைப் பற்றி. என் காதில் விழுந்தது, ‘நீ உருப்படாதவன்’.

தொழில் செய்பவரின் குணம் என்று துணிச்சல், விடாமுயற்சி என்றெல்லாம் பட்டியல் போடுகிறோம். விடாமுயற்சி என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது, தப்பான திசையில். கெட்ட செய்தி வரும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே ஒருவரின் குணம் பாதி தெரிந்துவிடும் என்பது என் கட்சி. இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் தானாகவே கெடுவான் என்று நம்மவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

அதற்காக எல்லோரையும் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் கடை ஓடுமா என்று கேட்பீர்கள். ஓடாது. தப்பான வேலையைத் தப்பு என்று சொல்லித்தான் ஆக வேண்டும், ஆளை மட்டம் தட்டாமல். வாடிக்கையாளரும் நம்மை நிபந்தனையில்லாமல் மதிக்கப் போவதில்லை, மதிக்கவும் வேண்டாம். அதனால்தான் தன் மதிப்பு முழுவதையும் கொண்டுபோய் அவரிடம் அடகு வைக்கக் கூடாது என்கிறேன்.

கொத்தனார் கட்டிக் கட்டியே கொத்தனார் ஆவதுபோல, குணமும் செய்யச் செய்யத்தான் வரும் என்றார் அரிஸ்டாட்டில். மெதுவாகத்தான் வருகிறது. போன வாரம் ஒரு பையன், நேற்று அனுப்பிய கோப்பில் பிழை இருக்கிறது என்று வந்தான். எனக்குக் காது சூடானது. ‘உட்கார், காட்டு’ என்றேன். அவன் உட்காரவில்லை, கதவைப் பிடித்தபடியே நின்று சொல்லி முடித்தான்.