‘பிரிப்போன்’ (prepone) ஆங்கிலச் சொல்லே இல்லையா?

“பிரிப்போன் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லே கிடையாது. எந்த அகராதியிலும் இல்லை. நம்ம ஊர் ஆட்கள் கட்டிவிட்டது.” இப்படியொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்த வினைச்சொல் இருக்கிறது. ‘முன்னால் வைத்தல்’ என்ற பழைய பொருளில் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். குறித்த நாளுக்கு முன்பே நடத்துவது என்ற இன்றைய பொருளுக்கும் அமெரிக்காவில் ஒரு பழைய சான்று உண்டு. 1913-இல் நியூயார்க் டைம்ஸில் வெளியான ஒரு வாசகர் கடிதம், ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக இதை முன்வைத்தது. அங்கே எடுபடவில்லை. நம்மிடம்தான் தேர்வுத் தேதி முதல் நிச்சயதார்த்தம் வரை எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

சொல்லின் அமைப்பிலும் பழுதில்லை. லத்தீனில் ‘போனெரே’ என்றால் வைப்பது. ‘போஸ்ட்’ பின், ‘ப்ரே’ முன். ‘போஸ்ட்போன்’ சரியென்றால் இதுவும் சரிதான்.

செய்தியில் துளி உண்மை உண்டு. அகராதிகள் இதை ‘இந்திய ஆங்கிலம்’ என்றே குறிக்கின்றன. பிரிட்டிஷார் ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘மூவ் அப்’ என்பார்கள். அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதும்போது அவர்கள் சொல்லையே போடுவது நல்லது. ஆனால் ‘மூவ் ஃபார்வர்ட்’ வேண்டாம். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் ‘மூவ் ஃபார்வர்ட்’ செய்தோம் என்றால், ஆங்கிலேயரிலேயே சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். பிரிப்போனில் அந்தக் குழப்பம் கிடையாது.