‘நகரம்’ கதையை விட்டுவிட்டீர்களே

எழுத்தாளர் சுஜாதா பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஸ்ரீரங்கம், திருச்சி ஜோசப் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், வாக்குப்பதிவு இயந்திரம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் ‘ரோபோ எழுத்தாளர்’ என்று முடித்துவிட்டதை மதுரைக்காரனாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அவருடைய அறிவியல் புனைகதை நாவல் ‘என் இனிய இயந்திரா’ எனக்கும் உயிர்தான். விகடனில் தொடராக வந்தபோது வாராவாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகள் இங்கே ஏராளம். புது மண்டபத்துப் பழைய புத்தகக் கடைகளில் அப்படி ஒன்றைப் புரட்டியிருக்கிறேன். ஓரமெல்லாம் பசைக்கறை, நடுவில் ஒரு வாரத்தைக் காணோம்! கதை நடக்கும் 2021 வந்து போய்விட்டது. அவர் கணிப்பு பலித்ததா என்ற கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டி மெல்ல மெல்லச் சொந்தமாக யோசிக்கத் தொடங்குவதுதான் இன்றும் படிக்க வைக்கிறது.

அவருடைய எஞ்சினியர் மூளை முழுசாக வேலை செய்த இடம் ‘நகரம்’ சிறுகதை என்பேன். நம்மூர்ப் பெரியாஸ்பத்திரியில், காய்ச்சலில் கிடக்கும் மகள் பாப்பாத்தியை விட்டுவிட்டு வள்ளியம்மாள் சீட்டும் கையுமாக அறை அறையாக அலைகிறாள். படிக்கத் தெரியாது. கெட்டவர் என்று அதில் யாருமே இல்லை, அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள். பெரிய டாக்டரே சேர்க்கச் சொன்ன பிள்ளைக்கு ‘நாளைக்கு வா’ என்று பதில் கிடைக்கிறது. ராக்கெட்டும் இல்லை, ரோபோவும் இல்லை; ஆஸ்பத்திரி என்ற இயந்திரம் எங்கே பழுதாகிறது என்று மட்டும் காட்டிவிடுகிறார். அடுத்த பகுதி எழுதினால் இதையும் சேருங்கள் ஐயா.